கணவரோ மனைவியோ இறந்தபின் காரின் டைட்டிலை மாற்றுவது: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

அமெரிக்காவுக்கு வந்த புதிதில் கார் வாங்கும் பல தமிழ்க் குடும்பங்களில் டைட்டில் ஒருவர் பெயரில் மட்டும்தான் இருக்கும். சோஷியல் செக்யூரிட்டி எண் அவரிடம்தான் இருக்கிறது, லோன் அவர் சம்பளத்தை வைத்துத்தான் கிடைக்கிறது, டீலரிடம் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதும் அவரே. எச்4 விசாவில் வந்த துணை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் இருப்பார். அவர் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை. பெயர் உள்ளவர் திடீரென்று இறந்துவிட்டால், வாசலில் நிற்கும் காரை விற்க முடியாது, பெயர் மாற்ற முடியாது. எந்த ஜன்னலில் போய் நிற்பது என்றுகூட வீட்டில் யாருக்கும் தெரியாது.

இதைப் பேசுவதே அபசகுனம் என்று நினைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆனால் துக்கம் நடந்த வீடுகளுக்குக் காகித வேலையில் ஒத்தாசையாகப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இதைப் பேசாமல் விட்டால் கஷ்டப்படுவது உயிரோடு இருப்பவர்தான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார் ஒன்றுக்காக மட்டும் கோர்ட்டுக்குப் போக வேண்டிய நிலைமை வாழ்க்கைத் துணைக்கு அபூர்வமாகத்தான் வரும். பெரும்பாலான மாநிலங்களில் இதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது. அந்தப் படிவத்தின் பெயரைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

டைட்டில் வேறு, ரெஜிஸ்ட்ரேஷன் வேறு

ஊரில் ஆர்.சி. புக் ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும். இங்கே டைட்டில் என்பது வண்டி யாருடையது என்று சொல்லும் பத்திரம். ரெஜிஸ்ட்ரேஷன் என்பது அதைச் சாலையில் ஓட்ட வருடா வருடமோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறையோ புதுப்பிக்கும் அனுமதி. க்ளவ் பாக்ஸில் இருப்பது ரெஜிஸ்ட்ரேஷன் மட்டும்தான். டைட்டில் வீட்டு ஃபைலில் இருக்கலாம். லோன் இருந்தால் பல மாநிலங்களில் அது கடன் கொடுத்த நிறுவனத்திடம் இருக்கும், இப்போது பெரும்பாலும் காகிதமாகக்கூட இல்லாமல் மின்னணுப் பதிவாக. ஆர்.சி.யில் ஹைபாதிகேஷன் என்று போடுவார்களே, அதே வேலையை இங்கே டைட்டிலில் இருக்கும் லீன் செய்கிறது. லீஸில் எடுத்த வண்டி என்றால் டைட்டில் உங்கள் குடும்பத்துடையதே அல்ல, லீஸ் கம்பெனியுடையது. அவர்களைக் கூப்பிட்டுப் பேசினால் போதும், கீழே சொல்வதில் முக்கால்வாசி உங்களுக்குத் தேவைப்படாது.

இரண்டு பெயர் இருந்தால் நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

டைட்டிலில் இரண்டு பேர் பெயரும் இருந்தால், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சின்னச் சொல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கலிஃபோர்னியாவில் 'ஆர்' என்று இருந்தால் இருவரில் யார் கையெழுத்துப் போட்டாலும் செல்லும். 'அண்ட்' என்றோ நடுவில் ஒரு சாய்கோடு மட்டுமோ இருந்தால் இருவருமே போட வேண்டும், அதனால் இறந்தவருடைய பங்குக்குத் தனியாகப் படிவம் வைக்க வேண்டியிருக்கும். பெயர்களுக்குப் பின்னால் 'ஜே.டி.ஆர்.எஸ்.' என்று போட்டிருந்தால் ஒருவருக்குப்பின் மற்றவருக்கு வண்டி தானாகவே போய்விடும், டெத் சர்டிபிகேட்டைக் காட்டினாலே போதும். டெக்சாஸில் இந்த 'ஆர்' வசதி கிடையாது. அங்கே உரிமையாளர்கள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். ஆனால் உயிரோடு இருக்கும்போதே இருவரும் வி.டி.ஆர். 122 என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு வைத்தால், ஒருவருக்குப்பின் மற்றவருக்கு வண்டி போய்ச் சேரும்.

இன்னொரு வழியும் உண்டு. பேங்க் கணக்குக்கு நாமினி போடுவது போல வண்டிக்கும் ஒரு பெனிஃபிஷியரியை எழுதி வைக்க கலிஃபோர்னியா, டெக்சாஸ் உட்படப் பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன. டெக்சாஸில் அதற்கான படிவம் வி.டி.ஆர். 121. புதிதாகக் கார் வாங்கப் போகிறவர்கள் இந்த இரண்டில் ஒன்றை டீலரிடம் உட்கார்ந்திருக்கும்போதே கேளுங்கள். துணைக்குச் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாவிட்டாலும் டைட்டிலில் பெயர் சேர்க்க முடியுமா என்று நேரடியாகக் கேளுங்கள். லோனில் பெயர் இருப்பதும் டைட்டிலில் பெயர் இருப்பதும் ஒன்றல்ல. அவசரத்தில் டீலர் ஊழியர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசிவிடுவார், நீங்கள்தான் பிரித்துக் கேட்க வேண்டும்.

ஒருவர் பெயரில் மட்டும் இருந்து அவர் இறந்துவிட்டால்

கலிஃபோர்னியாவில் ஆர்.இ.ஜி. 5 என்ற படிவம். கோர்ட் இல்லாமல் வாரிசுக்கு வண்டியை மாற்றுவதற்கான உறுதிமொழி இது. இறந்து 40 நாள் ஆகியிருக்க வேண்டும். அங்கே அவர் விட்டுப்போன சொத்தின் மதிப்புக்கு ஒரு வரம்பு உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல் நடந்த இறப்புகளுக்கு அது 2,08,850 டாலர். வீடே அதைவிட அதிகம் பெறுமே என்று பயப்படாதீர்கள். ஒருவருக்குப்பின் மற்றவருக்குச் சேரும்படி (சர்வைவர்ஷிப்) இருவர் பெயரிலும் இருந்த சொத்தும், சட்டப்படி நேராக வாழ்க்கைத் துணைக்குச் சேரும் சொத்தும் அந்தக் கணக்கில் வராது. இதோடு ஆர்.இ.ஜி. 256 படிவத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். வாரிசாக வந்த வண்டிக்கு யூஸ் டாக்ஸ் (விற்பனை வரி போன்றது) இல்லை, கணவன் மனைவிக்குள் மாறும் வண்டிக்கு ஸ்மாக் (புகை) சோதனை தேவையில்லை என்ற இரண்டையும் அதில்தான் குறிப்பீர்கள். இதைக் கொடுக்காமல் விட்டுவிட்டு, தேவையில்லாமல் ஸ்மாக் சோதனைக்கு அலைந்தவர்கள் உண்டு.

டெக்சாஸில் டி.எம்.வி. எனப்படும் மாநில மோட்டார் வாகன அலுவலகத்துக்கு அல்ல, உங்கள் கவுண்டியின் டாக்ஸ் அசெஸர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். வாரிசு உறுதிமொழிக்கு வி.டி.ஆர். 262, டைட்டில் விண்ணப்பத்துக்கு 130-யு. வாரிசுகளின் கையெழுத்து நோட்டரி முன்னால் விழ வேண்டும், அதனால் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். பரிசாக வந்த வண்டிக்கான 14-317 படிவத்தைச் சேர்த்தால் விற்பனை வரிக்குப் பதில் வெறும் 10 டாலர்தான். டைட்டில் கட்டணம் கவுண்டியைப் பொறுத்து 28 அல்லது 33 டாலர்.

நியூயார்க்கில் வாழ்க்கைத் துணைக்கான படிவம் எம்.வி. 349. வண்டியின் மதிப்பு 25,000 டாலருக்குள் இருந்தால் இது போதும். நியூஜெர்சியில், உயில், வாரிசு விஷயங்களைப் பார்க்கும் கவுண்டி சரோகேட் அலுவலகத்துக்கு ஒருமுறை போக வேண்டியிருக்கும். உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்து மொத்தம் 50,000 டாலருக்கு மேல் இல்லையென்றால், துணைக்கென்று அங்கே சுருக்கமான உறுதிமொழிப் பத்திரம் ஒன்று தருவார்கள். அதை எடுத்துக்கொண்டுதான் மோட்டார் வாகன அலுவலகத்துக்குப் போக வேண்டும். வேறு மாநிலம் என்றால், உங்கள் மாநில அலுவலகத்தின் தளத்தில் இறந்தவரின் வாகனம் பற்றிய பக்கத்தைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அப்படி ஒரு பக்கத்தில்தான் படிவம் இருக்கும்.

இந்த எந்த ஜன்னலிலும் தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழை எதிர்பார்ப்பதில்லை. ஊரில் சொந்தக்காரர்கள் அதை வாங்கி அனுப்புகிறோம் என்று மாதக்கணக்கில் அலைவார்கள். ஊரில் இருக்கும் சொத்துக்கு அது வேண்டும். இங்கே இருக்கும் காருக்காக அதற்குக் காத்திருக்க வேண்டாம்.

பெயர்தான் பெரிய தலைவலி

நம்மவர்களுக்கு உண்மையில் வேலை நிற்பது இங்கேதான். ஒரு கவுன்ட்டரில் நான் கூட நின்றபோது, ஊழியர் டைட்டிலையும் டெத் சர்டிபிகேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனா நுனியால் ஓரோர் எழுத்தாகத் தொட்டுக்கொண்டே போனார். டைட்டிலில் அப்பா பெயர் முன்னால் இருந்தது, சர்டிபிகேட்டில் பின்னால். நடுவில் ஓர் ஆங்கில 'எச்' கூடுதல். இரண்டும் ஒரே ஆள் என்று நான் எப்படி ஏற்றுக்கொள்வது என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை, அது அவர் வேலை. ஆனால் எதிரில் நின்ற பெண்ணுக்கு அந்தக் கேள்வி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால் நிலைமை இன்னும் சிக்கல். விசாவில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழுந்து, லைசென்ஸில் அதுவே பெயராகி, டைட்டிலிலும் ஏறியிருக்கும். அதனால் டெத் சர்டிபிகேட் தயாராகும்போதே கவனம் வேண்டும். அதற்கான விவரங்களை ஃபியூனரல் ஹோம் குடும்பத்திடம்தான் கேட்டு வாங்கும். அந்த நேரத்தில் வீட்டார் யாருக்கும் நிதானம் இருக்காது, அதனால் நெருங்கிய நண்பர் ஒருவர் பாஸ்போர்ட்டையும் டைட்டிலையும் கையில் வைத்துக்கொண்டு, பதிவுக்கு அனுப்பும் முன் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துக் கொடுங்கள். துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவதைப் போலவே இதுவும் பெரிய உதவி. பதிவான பிறகு திருத்துவது நீண்ட வேலை.

ஏற்கெனவே மாறிப் பதிவாகிவிட்டால், இரண்டு பெயரும் ஒரே நபருடையது என்று உறுதிமொழி கொடுக்கலாம். கலிஃபோர்னியாவின் ஆர்.இ.ஜி. 256 படிவத்திலேயே அதற்கு ஓர் இடம் இருக்கிறது. மற்ற இடங்களில் நோட்டரி முன் எழுதிய ஒரு பிரமாணப் பத்திரம் பெரும்பாலும் போதும். திருமணச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் கூட வையுங்கள். டெத் சர்டிபிகேட்டில் சான்றளித்த பிரதிகளை முதலிலேயே தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். பேங்க், இன்சூரன்ஸ், 401கே என்று ஒவ்வோர் இடமும் ஒன்று கேட்கும், ஜெராக்ஸ் பல இடங்களில் செல்லாது.

செய்யக் கூடாதது ஒன்று

இறந்தவரின் கையெழுத்தை யாரும் போடக் கூடாது. டைட்டிலின் பின்பக்கம் அவர் கையெழுத்தைப் போட்டுவிட்டு, தேதியை முன்னால் தள்ளி எழுதிக்கொள்ளுங்கள் என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது மோசடிக் குற்றம். விசாவில் இருப்பவருக்கு அதன் விளைவு காரோடு முடியாது. இறந்தவர் முன்பே எழுதிக்கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னி இருக்கிறதே என்று கேட்பார்கள். அது எழுதியவர் உயிரோடு இருக்கும்வரைதான். இறந்த நொடியிலிருந்து அது செல்லாது.

லோனும் இன்சூரன்ஸும்

லோன் இறப்போடு மறைந்துவிடாது. மாதத் தவணை இறந்தவரின் தனிக் கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தால், பேங்க் அந்தக் கணக்கை நிறுத்தும் நாளில் தவணையும் நின்றுவிடும். பாக்கி விழுந்தால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் முதல் சில வாரங்களிலேயே கடன் கொடுத்தவர்களைக் கூப்பிட்டு, இறந்த வாடிக்கையாளர் கணக்குகளைப் பார்க்கும் பிரிவோடு பேசுங்கள். லோனோடு சேர்ந்து கிரெடிட் லைஃப் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறாரா என்று கட்டாயம் கேளுங்கள். இருந்தால் பாக்கிக் கடனை அதுவே அடைத்துவிடும். இல்லையென்றால், உங்கள் கணக்கிலிருந்து தவணையைக் கட்டிக்கொண்டே போகலாமா என்று கேளுங்கள். நீங்கள் அந்த லோனில் கூடக் கையெழுத்து (கோ-சைன்) போட்டிருக்காவிட்டால் அந்தக் கடனை உங்கள் பெயருக்கு மாற்றும் காகிதத்தில் உடனே கையெழுத்துப் போட வேண்டாம். வண்டியின் விலையைவிடக் கடன் அதிகமாக இருக்கலாம். முதலில் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸைப் பொறுத்தவரை, பாலிசிதாரர் இறந்தால் அதே வீட்டில் வசித்த துணைக்கு அந்த பாலிசிக் காலம் முடியும்வரை பாதுகாப்பு தொடரும் என்பதுதான் வழக்கமான பாலிசிகளில் இருக்கும் விதி. இருந்தாலும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, உங்களை ஓட்டுநராகவும் பாலிசிதாரராகவும் எழுதச் சொல்லுங்கள். டைட்டில் மாறும்வரை வேறு யாருக்கும் வண்டியை ஓட்டக் கொடுக்காமல் இருப்பது நல்லது. எச்4 விசாவில் இருப்பவர்களின் லைசென்ஸ் காலாவதித் தேதி பொதுவாக விசா நிலையோடு ஒட்டியது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். துணையின் இறப்போடு அந்த விசா நிலையின் அடிப்படையே போய்விடுகிறது, அதனால் கார் வேலையைவிட முன்னால் ஒரு குடியேற்ற வக்கீலைப் பாருங்கள். அந்தச் செலவில் சிக்கனம் வேண்டாம்.

ஊர் திரும்பும் முன் விற்பதாக இருந்தால்

பலர் குழந்தைகளோடு ஊருக்கே போய்விட முடிவெடுக்கிறார்கள். அப்போது காரை உங்கள் பெயருக்கு மாற்றி, அப்புறம் விற்க வேண்டும் என்பதில்லை. கலிஃபோர்னியாவில் 40 நாள் முடிந்தபின் ஆர்.இ.ஜி. 5 படிவத்தோடு நேராக வாங்குபவருக்கே கொடுக்கலாம். விற்ற 5 நாளுக்குள், இனி இந்த வண்டி என் பொறுப்பில் இல்லை என்று டி.எம்.வி.க்குத் தெரிவிக்கும் ரிலீஸ் ஆஃப் லயபிலிட்டியை ஆன்லைனில் பதிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் வாங்கும் பார்க்கிங் அபராதம் உங்களைத் தேடி வரும். 2011 அல்லது அதற்குப் பிந்தைய மாடல் என்றால் ஓடோமீட்டர் அளவையும் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். வண்டிக்கு 20 வயது ஆகும்வரை இது மத்திய அரசின் விதி.

அந்த 40 நாள் வரை இங்கே இருக்க முடியாது என்றால், நீங்கள் கிளம்பும் முன் நம்பகமான ஒருவருக்கு உங்கள் பெயரில் பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக்கொடுக்க முடியும். டி.எம்.வி.யின் ஆர்.இ.ஜி. 260 அதற்குத்தான். ஆனால் வாரிசு உறுதிமொழியில் உங்கள் கையெழுத்தே கேட்பார்கள் என்று வைத்துக்கொண்டு, கூரியரில் அனுப்பவும் தயாராக இருங்கள். சாவி இரண்டையும், டைட்டிலையும், சான்றளித்த டெத் சர்டிபிகேட் பிரதி ஒன்றையும் அந்த நண்பரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். டோல் டேக் கணக்கை மூடிவிட்டு, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் டேக்கைக் கழற்றி எடுத்துவிடுங்கள். காரின் செயலியில் இருக்கும் வீட்டு முகவரி, போன் தொடர்புகள் எல்லாவற்றையும் அழித்த பிறகே சாவி கைமாறட்டும்.