கேரவன் குளியலறையில் பழுப்பேறிய பிளாஸ்டிக்குக்குப் புது பெயின்ட்

பிரிட்டனில் பதினைந்து, இருபது வருடப் பழைய கேரவனை (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டி) செகண்ட் ஹேண்டில் வாங்கினால் மெத்தையும் திரைச்சீலையும் பரவாயில்லை என்று இருக்கும், குளியலறைக் கதவைத் திறந்தால்தான் வண்டியின் வயசு தெரியும். வாஷ்பேசின், அதைச் சுற்றியிருக்கும் பேனல், சோப்புத் தட்டு எல்லாம் வெள்ளையாக இருந்தவை, இப்போது பழுப்பு. முக்கியமாகக் கூரை ஜன்னலுக்கு நேர் கீழே. எவ்வளவு தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் அது அழுக்கே இல்லை. இந்தப் பாகங்கள் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக், அதில் கலந்திருக்கும் ரப்பர் பகுதி வெயிலும் காற்றும் பட்டு ஆக்சிஜனேற்றம் ஆகித்தான் நிறம் மாறுகிறது. நிறம் மாறுவது மேல்தோலில் மட்டும், உள்ளே பிளாஸ்டிக் நன்றாகவே இருக்கும். புதுசு வாங்கலாம் என்றால் ஒவ்வொரு மாடலுக்கும் அச்சு வேறு, உற்பத்தி நின்ற பிறகு பழைய கேரவன்களைப் பிரித்து விற்பவர்களிடம்தான் தேட வேண்டும், அங்கே கிடைப்பதும் இதே பழுப்பில்தான் இருக்கும். அதனால் பெயின்ட் அடிப்பது நியாயமான வழி. ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல.

எதற்கு அடிக்கக் கூடாது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பாதி வேலைகள் வீணாவது இங்கேதான். கால் வைத்து நிற்கும் ஷவர் ட்ரேக்கு நான் பெயின்ட் அடிக்கச் சொல்ல மாட்டேன். கேரவன் ட்ரே மெல்லிய தகடு, கீழே முட்டு சரியாக இல்லாவிட்டால் ஆள் ஏறும்போது வளையும், பெயின்ட் அதோடு சேர்ந்து வளையாது, வெடித்து அதன் அடியில் தண்ணீர் போகும். குளியல் தொட்டிக்கென்று விற்கும் இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி பெயின்ட்டும் கெட்டியானது, வளைகிற இடத்தில் அதுவும் நிற்காது. டாய்லெட் கிண்ணத்தின் உள்பக்கம், திறந்து மூடும் தகடு, ரப்பர் சீல் ஆகியவற்றின் பக்கமே போகாதீர்கள். குரோம் பூசிய குழாய்களும் வேண்டாம், அந்த வழுவழுப்பில் பெயின்ட் பிடிக்காது. வாஷ்பேசின், சுவர் பேனல், அலமாரிக் கதவு, டாய்லெட் பேப்பர் மாட்டும் பெட்டி, கண்ணாடி பிரேம், இவையெல்லாம் தாராளமாக அடிக்கலாம்.

அடுத்து, கையில் இருப்பது என்ன பிளாஸ்டிக் என்று பாருங்கள். கழற்றிய பாகத்தின் பின்பக்கம் ஏபிஎஸ் அல்லது பிபி (பாலிப்ரொப்பிலீன்) என்று ஆங்கில எழுத்து அச்சில் பதிந்திருக்கும். இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் ஒரு சின்னச் சில்லைச் சீவி, ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்ட தண்ணீரில் போட்டு விரலால் அமுக்கி விடுங்கள். மூழ்கினால் ஏபிஎஸ்ஸாக இருக்க வாய்ப்பு அதிகம், மிதந்தால் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். மிதக்கிற வகையில் சாதாரண பிரைமர் ஒட்டாது, அதற்கென்று ஒட்டுதல் கூட்டும் திரவம் தனியாக விற்கிறார்கள். அதைப் போட்டாலும் ஈரம் படும் இடத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை, அப்படியே விட்டுவிடலாம்.

கழற்ற முடிந்த எதையும் வண்டிக்குள் வைத்து அடிக்காதீர்கள். குழாயைத் தொடும் முன் 12 வோல்ட் சப்ளையை அணையுங்கள். பல கேரவன்களில் குழாயைத் திருப்பினால் உள்ளே இருக்கும் மைக்ரோ ஸ்விட்ச்தான் தண்ணீர் பம்பை ஓட்டுகிறது, அதற்கு இரண்டு மெல்லிய ஒயர் வரும், இழுத்து அறுத்துவிட வேண்டாம். பேசினை எடுத்ததும் பின்னால் இருக்கும் மரச்சட்டத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். கறுத்து மெத்தென்று இருந்தால் தண்ணீர் கசிந்திருக்கிறது, பெயின்ட் வேலையை நிறுத்திவிட்டு அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சுத்தம் செய்வதில் பெரிய எதிரி சிலிகான். தண்ணீர் கசியாமல் பூசிய பழைய சீலன்ட் ஓரங்களில் இருக்கும், டாய்லெட் சீலுக்கு யாராவது சிலிகான் ஸ்ப்ரே போட்டிருந்தால் அதுவும் சுற்றிலும் படிந்திருக்கும். அதன் மேல் பெயின்ட் விழுந்தால் சின்னச் சின்ன வட்டமாக விலகி நிற்கும், எத்தனை கோட் போட்டாலும் மூடாது. பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டி, சிலிகான் எடுக்கும் ஜெல் தடவி, துடைத்து, அப்புறம் சுகர் சோப் (பெயின்ட் அடிக்கும் முன் பிசுக்கு எடுக்க விற்கும் பவுடர்) கரைத்த வெந்நீரில் கழுவுங்கள். தேய்ப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள், இல்லையென்றால் உப்புத்தாள் அந்தப் பிசுக்கைக் கீறலுக்குள் ஏற்றிவிடும். கழுவிய பின் மேலே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்: ஒரே படலமாக விரிந்து வழிந்தால் சுத்தம், முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் பிசுக்கு இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். கடைசித் துடைப்புக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். அசிட்டோன் மட்டும் வேண்டவே வேண்டாம், ஏபிஎஸ்ஸை அது கரைத்துவிடும்.

அதே அசிட்டோன் விரிசல் அடைப்பதற்கு மட்டும் உதவும். ஏபிஎஸ் துண்டுகளை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு மூழ்கும் அளவு அசிட்டோன் ஊற்றி மூடி ஒரு ராத்திரி வைத்தால் கூழாகிவிடும். லெகோ கட்டைகள் 1963 முதல் ஏபிஎஸ்ஸில்தான் வருகின்றன, வீட்டில் உடைந்த வெள்ளைக் கட்டை இருந்தால் அதுவே போதும். விரிசல் முடியும் இடத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு விரிசல் மேலும் ஓடாமல் நிறுத்தி, கூழை பட்டி பார்ப்பது போல உள்ளே அழுத்தி நிரப்பி, மறுநாள் தேயுங்கள். கூழ் காயும்போது சுருங்கும், அதனால் கொஞ்சம் மேடாகவே வையுங்கள்.

தேய்ப்பதற்கு 400 நம்பர் வாட்டர் பேப்பர், தண்ணீர் தொட்டு. பிறகு 600. மூலை முடுக்குகளுக்கு சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட் நல்லது. சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் எங்கும் ஒரே மாதிரி மங்கலாக இருக்க வேண்டும், பளபளப்பு தெரியும் இடமெல்லாம் நாளைக்கு உரியப்போகும் இடம்.

இனி பாதுகாப்பு, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஸ்ப்ரே கேனில் தள்ளும் வாயு பொதுவாக பியூட்டேன், புரொப்பேன். இரண்டும் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். கேரவனில் ஃபிரிட்ஜ் காஸில் ஓடும், சூடேற்றும் கருவியும் காஸில் ஓடும், இரண்டுமே தானாகப் பொறி போட்டுப் பற்றவைத்துக்கொள்ளக் கூடியவை. வண்டிக்குள் ஏதாவது அடித்தே ஆக வேண்டும் என்றால் சிலிண்டரிலேயே மூடி, கருவிகளையும் அணைத்து, கதவு, கூரை ஜன்னல் எல்லாம் திறந்து, தரையில் காஸ் வெளியேறுவதற்காக விட்டிருக்கும் துளைகளைத் துணியோ டேப்போ மறைக்காமல் பாருங்கள். கழற்ற முடியாத பேனலுக்கு ஸ்ப்ரேயை விட்டுவிட்டு, பிளாஸ்டிக்கில் பிடிக்கும் தண்ணீர்க் கலவை பிரைமரும் 4 இஞ்ச் ஃபோம் ரோலரும் எடுப்பதுதான் என் தேர்வு. ஸ்ப்ரே அடிக்கும்போது கரி வடிகட்டி உள்ள மாஸ்க் போடுங்கள், தூசிக்கான காகித மாஸ்க் கரைப்பான் ஆவியைத் தடுக்காது. ஹார்டனர் சேர்ந்த 2கே ஸ்ப்ரே கேன்களில் மூச்சுக்குக் கெடுதலான ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கும், வீட்டு வேலைக்கு அது தேவையே இல்லை.

நிறத்தைப் பொறுத்தவரை கண்ணைப் பறிக்கும் வெள்ளை எடுத்தால் பக்கத்தில் இருக்கும் பழைய சுவர் இன்னும் பழசாகத் தெரியும். பெயின்ட் நிறங்களுக்கான ஆர்ஏஎல் எண் வரிசையில் 9016 கொஞ்சம் குளிர்ந்த வெள்ளை, 9010 சற்று இதமானது, கேரவனுக்கு 9010 பொருந்தும். வினைலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் என்று விற்கும் ஸ்ப்ரே ஏபிஎஸ்ஸில் நன்றாகப் பிடிக்கும், மெல்லிசாகவும் இருக்கும்.

15 முதல் 25 டிகிரி இருக்கும், மழை இல்லாத நாளாகப் பாருங்கள், பிரிட்டனில் மே முதல் செப்டம்பர் வரைதான் வசதி. கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து, உள்ளே குண்டு சத்தம் கேட்க ஆரம்பித்த பின் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். 20, 25 சென்டிமீட்டர் தள்ளி, பாகத்துக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து மறுபக்கம் வெளியே போய்த்தான் விரலை எடுக்க வேண்டும். முதல் கோட் வெறும் தூறல், அடியில் பழுப்பு தெரியட்டும், அவசரம் வேண்டாம். பத்து நிமிட இடைவெளியில் இரண்டு, மூன்று மெல்லிய கோட். பேசினின் உட்குழிவில் ஸ்ப்ரே சுழன்று திரும்பி வந்து மணல் மாதிரி படியும், அதனால் குழிவை முதலில் முடித்துவிட்டு ஓரத்துக்கு வாருங்கள். மாஸ்கிங் டேப்பை பெயின்ட் முழுக்க இறுகும் முன் மடக்கி இழுத்து எடுங்கள், காய்ந்த பின் எடுத்தால் ஓரம் பிய்ந்து வரும்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக மாட்டிவிடாதீர்கள். டின்னில் போட்டிருக்கும் நேரம் நல்ல வெப்பநிலைக்கானது, ஒரு வாரம் கொடுத்தால் நல்லது. மாட்டும்போது வினிகர் வாசனை வராத நியூட்ரல் வகை சிலிகான் எடுங்கள், ஸ்க்ரூவை இறுக்கி முறுக்க வேண்டாம், தலைக்கு அடியில் பெயின்ட் நசுங்கும். அப்புறம் பிளீச்சும் தேய்க்கும் பவுடரும் அந்த அறைக்குள் வரக் கூடாது, பாத்திர சோப்பும் மென்மையான துணியும் போதும். கேனில் மிச்சம் இருந்தால் தலைகீழாகப் பிடித்து வெறும் வாயு வரும்வரை அழுத்தி மூக்கைச் சுத்தம் செய்து வையுங்கள், ஷாம்பு பாட்டில் விழுந்து கீறும் இடத்தில் அடுத்த வருடம் தொட்டுக்கொள்ளலாம்.