ஃப்ரெய்ட் பூஜ்ஜியம் என்றால் உஷார்!

சீனாவின் நிங்போவிலிருந்து சென்னைக்கு எல்சிஎல் சரக்கு (கண்டெய்னரில் மற்றவர்கள் சரக்கோடு சேர்ந்து வரும் சின்னச் சரக்கு), ஃப்ரெய்ட், அதாவது கப்பல் கட்டணம், பூஜ்ஜியம் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். நான் முதல் தடவை ஆட்டினேன். சிஐஎஃப் விலை (கப்பல் செலவும் இன்சூரன்ஸும் சேர்ந்தது), பத்தே பெட்டி, கப்பல் செலவு சப்ளையர் தலையில் என்று நிம்மதியாக இருந்தால், சரக்கு இறங்கியதும் இங்குள்ள ஏஜென்ட் நீட்டிய பில்லில் பாதிக் கட்டணங்களுக்கு அர்த்தமே புரியவில்லை. விஷயம் இதுதான்: சரக்கைப் பிடிப்பதற்காக அங்கே கன்சாலிடேட்டர் (பலருடைய சரக்கை ஒரே கண்டெய்னரில் சேர்த்து அனுப்புகிறவர்) விட்டுக்கொடுக்கும் பணத்தை இங்கே அவருடைய கூட்டாளி உங்களிடம் வசூலித்துக்கொள்வார். சரக்கை எடுக்கத் தேவையான டெலிவரி ஆர்டர் அந்தக் கூட்டாளி கையில், அப்புறம் எங்கே பேரம் பேசுவது?

அதனால் சின்னச் சரக்கை எஃப்ஓபியில் (கப்பலில் ஏற்றும்வரைதான் சப்ளையர் செலவு) வாங்கி, சரக்கை அனுப்பி வைக்கும் ஃபார்வர்டரை நீங்களே பிடியுங்கள். சப்ளையர் மசியவில்லையா, கப்பல் ஏறுவதற்கு முன்பே சென்னை ஏஜென்ட் யார் என்று கேட்டு, டிஎச்சி (துறைமுகத்தில் கையாளும் கட்டணம்), சிஎஃப்எஸ் (கண்டெய்னரைப் பிரித்துச் சரக்கை வைக்கும் கிடங்கின் கட்டணம்), டெலிவரி ஆர்டர் கட்டணம் எல்லாவற்றையும் அவரிடமிருந்து மெயிலில் வாங்கிவிடுங்கள். டாலரை எந்த ரேட்டில் ரூபாயாக்குவார் என்றும் கேளுங்கள், பேங்க் ரேட்டைவிடக் கூடுதலாகப் போடுவது சகஜம்.

அளவை நீங்களே போட்டுப் பாருங்கள். 60 × 40 × 50 செ.மீ. பெட்டி 0.12 கன மீட்டர், பத்துப் பெட்டி 1.2. எடை 300 கிலோ, அதாவது 0.3 டன். இரண்டில் எது பெரிதோ அதற்குத்தான் கட்டணம், ஆக 1.2. பில்லில் 2 என்று இருந்தால் ஏன் என்று கேளுங்கள், சிலர் முழு எண்ணாக ஏற்றிவிடுவார்கள்.

முழு கண்டெய்னர் என்றால் தலைவலி வேறு. எரிபொருள் சர்சார்ஜ், சீசன் சர்சார்ஜ் என்ற கூடுதல் கட்டணம் எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கி, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனபோது ஐரோப்பா அனுப்புகிறவர்களுக்குப் புதுப்புது பெயரில் சர்சார்ஜ்கள் முளைத்தன. கொட்டேஷனில் 'கப்பல் புறப்படும் நாளில் உள்ள சர்சார்ஜ் பொருந்தும்' என்று பொடி எழுத்தில் இருந்தால், அது நிலையான விலையே இல்லை.

டெமரேஜ், டிடென்ஷன் என்ற தாமதக் கட்டணம் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இலவச நாள் முடிந்தும் கண்டெய்னர் துறைமுகத்திலேயே கிடந்தால் முன்னது, வெளியே எடுத்த கண்டெய்னரைக் காலியாகத் திருப்பித் தர தாமதமானால் பின்னது. இலவச நாளைக் கூட்டிக் கேட்க வேண்டியது புக்கிங்குக்கு முன்னால். சரக்கு வந்தபின் கெஞ்சினால் பெரும்பாலும் நடக்காது. ஞாயிறு, பண்டிகை எல்லாம் அந்தக் கணக்கில் சேருமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இறக்குமதிக்குக் கஸ்டம்ஸில் போடும் பில் ஆஃப் என்ட்ரியைத் தாமதமாகப் போட்டால் கஸ்டம்ஸ் தண்டம் தனி: முதல் 3 நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அப்புறம் 10,000.

காலிக் கண்டெய்னரை யார்டில் விடும்போது டிரைவரிடம் சொல்லி உள்ளேயும் வெளியேயும் நாலு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். ரிப்பேர், கிளீனிங் என்று இரண்டு வாரம் கழித்து பில் வந்தால் காட்ட அதுதான் இருக்கும்.