0.8 மைல்தானே என்று கிளம்புமுன்: ரெட்வுட் தோப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் கலிஃபோர்னியாவில் சான் ஹோசே பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வரிசை உண்டு. கோல்டன் கேட் பாலம், லிவர்மோர் கோயில், பிறகு வானுயர வளரும் ரெட்வுட் மரங்களின் காடு ஏதாவது ஒன்று. அந்தக் காட்டுக்கு என் ஓட்டு ஃபெல்டனில் இருக்கும் ஹென்றி கவல் மாநிலப் பூங்காவுக்குத்தான். அங்கே உள்ள ரெட்வுட் குரோவ் சுற்றுப்பாதை 0.8 மைல், அதாவது 1.3 கிலோமீட்டர். சமதரை. குழந்தையின் தள்ளுவண்டி போகும், சக்கர நாற்காலியும் போகும். கிளம்பிய இடத்துக்கே வந்து சேரலாம். இதற்கெல்லாம் என்ன தயாரிப்பு வேண்டியிருக்கிறது என்றுதான் நாங்களும் முதல் தடவை போனோம்.

போய் நின்றது வேறு வாசலில். பூங்காவின் முகாம் மைதானத்துக்கு கிரஹாம் ஹில் ரோட்டில் தனி நுழைவு இருக்கிறது. போனில் பூங்காவின் பெயரை மட்டும் தட்டிவிட்டு, வந்த முதல் முடிவை நான் அமுக்கியதில் அங்கே போய்விட்டோம். அந்தப் பக்கம் மணல்மேடு, பைன், ஓக். "ஏம்ப்பா, பெரிய மரம்னு சொன்னியே?" என்று அப்பா காருக்குள்ளிருந்தே கேட்டார். தோப்பு இருப்பது நெடுஞ்சாலை 9 பக்கத்து வாசலில். பகல்நேரப் பார்வையாளர் வாசல் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே ரோரிங் கேம்ப் நீராவி ரயில் நிலையம் இருக்கிறது. அதன் நிறுத்துமிடம் வேறு, கட்டணமும் வேறு.

வீட்டுப் பெரியவர்களிடம் "ஹைக்கிங்" என்ற சொல்லை எடுப்பதும் தவறுதான். அம்மா உடனே "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு முட்டி வலி" என்று ஒதுங்கிவிட்டார். தோப்பைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டிருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது.

கோடைச் சனி, ஞாயிறுகளில் பத்து மணிக்குமேல் நெடுஞ்சாலை 17-ல் இறங்காதீர்கள். சாண்டா குரூஸ் கடற்கரைக்குப் போகும் கூட்டம் மொத்தமும் உங்களுக்கு முன்னால் நிற்கும். மலை வளைவுகள் அதிகம் என்பதால் குழந்தைகளுக்கு வயிறு முட்ட இட்லி கொடுத்துவிட்டு வண்டியை எடுக்கவும் வேண்டாம். வீட்டில் வெயில் கொளுத்தினாலும் காலையில் மர நிழலுக்குள் குளிரும். ஆளுக்கொரு ஸ்வெட்டர் இருக்கட்டும். நாயை வீட்டில் விட்டுவிடுங்கள், இந்தச் சுற்றுப்பாதையில் அனுமதி இல்லை.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். நம்மவர்கள் புளியோதரை டப்பா இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை, நான் உட்பட. சாப்பிடுவதில் தவறில்லை, சிந்துவதில்தான். கறுப்புக் கொண்டையும் நீல உடலுமாக ஸ்டெல்லர் ஜே என்ற பறவை மேசைக்கு மேசை தாவி வரும். நம் ஊர்க் காக்கைக்குச் சொந்தக்காரன், துணிச்சலும் அதே. பருக்கை கிடைக்கும் இடங்களில் அதன் கூட்டம் பெருகிவிடும், பிறகு மற்றப் பறவைகளின் முட்டைக்கும் குஞ்சுக்கும் பாயும். அப்படி அடிவாங்குவது மார்பிள்ட் மர்ரலெட். கடலில் மீன் பிடித்துத் தின்னும் இந்தப் பறவை, முட்டையிட மட்டும் காட்டுக்குள் பறந்து வந்து, பழைய மரத்தின் பாசிக் கிளையில் ஒரே ஒரு முட்டை இடும். அதன் கூடு எங்கே என்பது 1974 வரை வட அமெரிக்கப் பறவை ஆய்வாளர்களுக்கே தெரியாது. இதே மலைத்தொடரின் பிக் பேசின் பூங்காவில் கிளை வெட்ட ஏறிய ஒருவர் கண்ணில்தான் தற்செயலாகப் பட்டது. டப்பாவை மூடும்முன் மேசையையும் தரையையும் ஒரு தடவை பாருங்கள். குழந்தை "பாவம், பசிக்குது" என்றாலும் போடாதீர்கள்.

அடுத்தது பாய்ஸன் ஓக், தொட்டால் அரிக்கும் செடி. ஒரு காம்பில் மூன்று இலை, ஓக் இலைபோல ஓரம் நெளிந்து, பளபளப்பாக, புதராகவோ மரத்தில் ஏறிய கொடியாகவோ இருக்கும். கோடை முடிவில் அழகாகச் சிவக்கும், குழந்தைகள் பறிக்கப் போவதும் அப்போதுதான். நம் ஊர்ச் சேராங்கொட்டையும் மாமரமும் இதே குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்தவர்களுக்கு இது என்ன செய்யும் என்று புரியும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்த மொட்டைக் குச்சியிலும் அரிப்பைக் கிளப்பும் எண்ணெய் இருக்கிறது, ஆகவே கீழே கிடக்கும் குச்சியை வாளாக்கிச் சண்டை போட விடாதீர்கள். பட்டுவிட்டதாகத் தோன்றினால் சீக்கிரம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், துணியையும் துவையுங்கள். அரிப்பு ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும்.

இதற்குப் பயந்து மூன்று இலை கொண்ட எல்லாவற்றையும் பார்த்து அலறவும் வேண்டாம். பாதையோரம் கணுக்கால் உயரத்தில் இதய வடிவ இலைகளோடு விரிந்து கிடப்பது ரெட்வுட் சோரல் (redwood sorrel) என்ற சிறு செடி, நம் புளியாரைக்குத் தங்கை. மேலிருந்து ஒரு வெயில் துண்டு அதன்மேல் விழுந்தால், சில நிமிடங்களில் மூன்று இலையும் குடைபோல மடிந்து தொங்கும். என் மகள் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து முழுதும் பார்த்தாள். சுற்றை அரைமணியில் முடிக்கிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

படத்துக்காக வேலியைத் தாண்டி அடிமரத்தைக் கட்டிப்பிடிப்பவர்களைப் பார்க்கிறேன். இங்குள்ள உயர்ந்த மரம் ஏறத்தாழ 277 அடி, வயது 1,500 ஆண்டு அளவில். ஆனாலும் ரெட்வுட்டுக்கு ஆணிவேர் கிடையாது. வேர் மேலாகவே பரவுவதால் மிதித்து மிதித்து மண் இறுகினால் மரத்துக்குத்தான் கஷ்டம். நெல்லிக்காய் அளவுகூட இல்லாத அதன் காய்களைப் பைக்குள் போடுவதும் விதிப்படி கூடாது.

உள்ளே போகவே இடம் கொடுக்கும் மரம் ஒன்று இருக்கிறது, ஃப்ரீமாண்ட் மரம். 1846-ல் ஜான் ஃப்ரீமாண்ட் அதற்குள் தங்கினார் என்று ஒரு கதை. 1856-ல் குடியரசுக் கட்சியின் முதல் அதிபர் வேட்பாளராக நின்றாரே, அவர்தான். நுழைந்ததும் எல்லோரும் போன் விளக்கைப் போடுகிறார்கள். போடாதீர்கள், ஒரு நிமிடம் பொறுங்கள். கண் பழகியதும் பழைய தீ குடைந்த கரிச் சுவர் மெல்லத் தெரியவரும், பக்கத்தில் நிற்பவர் முகமும் தெரியும். முட்டி வலி என்ற அம்மாதான் கடைசியாக வெளியே வந்தார். வாசல் தாழ்வு, குனிந்து வாருங்கள். என் தம்பி நெற்றியில் இடித்துக்கொண்டான்.