ஒரு ரக்பி சீசனைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்: 2017-18 ஐரோப்பிய சேலஞ்ச் கோப்பை, படிப்படியாக

ரக்பி பார்க்கத் தொடங்கும் பலர் ஒரே இடத்தில் திகைத்து நிற்கிறார்கள். ஆட்டத்தின் அடிப்படை விதிகள் இரண்டு மூன்று ஆட்டங்களிலேயே பிடிபட்டுவிடும். ஆனால் அக்டோபரில் தொடங்கி மே மாதத்தில் முடியும் ஒரு தொடர் எப்படி நகர்கிறது, தன் பிரிவில் இரண்டாவதாக வந்த அணி எப்படி இறுதிப் போட்டிக்கு வந்து சேர்ந்தது, தோற்ற அணியின் பெயருக்கு எதிரே ஏன் புள்ளி இருக்கிறது என்பதெல்லாம் புதிராகவே இருக்கும். இவற்றை விதிப் புத்தகம் கற்றுத் தராது. ஒரு முழு சீசனை எடுத்து, தாளும் பேனாவுமாக உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால்தான் விளங்கும்.

அதற்கு நான் தேர்ந்தெடுப்பது 2017-18 ஐரோப்பிய சேலஞ்ச் கோப்பை. ஐரோப்பியக் கிளப் ரக்பியில் இது இரண்டாம் நிலைத் தொடர். இதற்கு மேலே இருப்பது சாம்பியன்ஸ் கோப்பை. முதல் நிலையை விட்டுவிட்டு இரண்டாம் நிலையில் ஏன் தொடங்க வேண்டும் என்று கேட்கலாம். இந்த சீசனின் இறுதிப் போட்டி ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் முடிந்தது. அந்த ஒரு புள்ளி எங்கிருந்து வந்தது என்று தேடினால் ரக்பியின் கணக்கு முழுவதும் வெளிப்பட்டுவிடும்.

படி 1: நான்கு எண்களை மனப்பாடம் செய்யுங்கள்

எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தி வைத்தால் அது டிரை, 5 புள்ளி. டிரைக்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் வாய்ப்பு கன்வர்ஷன், வெற்றியானால் 2. எதிரணி தவறு செய்து, அதற்காகக் கிடைக்கும் உதையைக் கம்பங்களுக்குள் செலுத்தினால் பெனால்டி, 3. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பந்தைத் தரையில் ஒருமுறை துள்ளவிட்டு உதைத்துக் கம்பங்களுக்குள் அனுப்பினால் டிராப் கோல், அதுவும் 3. ஓர் ஆட்டத்துக்கு 80 நிமிடம், 40 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகள்.

5, 2, 3, 3. இந்த நான்கும் போதும்.

படி 2: யார் ஆடுகிறார்கள், ஏன் இங்கே ஆடுகிறார்கள்

தாளின் மேற்பகுதியில் 20 என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த சீசனில் 20 அணிகள். பிரான்சிலிருந்து 8, இங்கிலாந்திலிருந்து 5, அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, இத்தாலி ஆகிய நாடுகளின் கூட்டு லீக்கிலிருந்து 5, ரஷ்யாவிலிருந்து 2. ரஷ்ய அணிகளான எனிசேயும் க்ராஸ்னி யாரும் சைபீரியாவில் உள்ள க்ராஸ்னயார்ஸ்க் என்னும் ஒரே நகரத்தைச் சேர்ந்தவை. தகுதிப் போட்டிகளில் வென்று உள்ளே வந்தவை.

மற்ற 18 அணிகளும் முந்தைய ஆண்டு தத்தம் லீக்கில் சாம்பியன்ஸ் கோப்பைக்கான இடத்தைப் பிடிக்கத் தவறியவை, அல்லது லண்டன் ஐரிஷ், அஜான், ஓயோனா போல அப்போதுதான் கீழ்நிலை லீக்கிலிருந்து உயர்ந்து வந்தவை. இதை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். "இரண்டாம் நிலை" என்பது போன வருடத்து மதிப்பெண் அட்டை. அந்த அணியின் தரத்துக்கு அடிக்கப்பட்ட முத்திரை என்று அதை எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவீர்கள். துலூஸைப் பாருங்கள். அதற்கு முன்பே நான்கு முறை ஐரோப்பாவின் முதன்மைக் கோப்பையை வென்றிருந்த கிளப் அது. 2016-17இல் பிரெஞ்சு லீக்கின் 14 அணிகளில் 12ஆவது இடத்துக்குச் சரிந்ததால் இங்கே வந்து நின்றது. பிறகு 2021இலும் 2024இலும் அதே துலூஸ் முதன்மைக் கோப்பையை மீண்டும் வென்றது. இப்படிப்பட்ட அணிகள் சறுக்கி விழுந்து, மூச்சு வாங்கி, மறுபடி எழும் இடம்தான் இந்தத் தொடர். எனக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணமும் அதுதான்.

படி 3: ஐந்து கட்டங்கள் வரையுங்கள்

20 அணிகளும் நான்கு நான்காக ஐந்து பிரிவுகளாயின. இப்படி எழுதிக்கொள்ளுங்கள்:

பிரிவு 1: நியூகாசில், போர்தோ, டிராகன்ஸ், எனிசே.
பிரிவு 2: கார்டிஃப் ப்ளூஸ், துலூஸ், லியோன், சேல்.
பிரிவு 3: 'போ', க்ளாஸ்டர், அஜான், ஸெப்ரே.
பிரிவு 4: எடின்பரோ, ஸ்டாட் ஃபிரான்சே, லண்டன் ஐரிஷ், க்ராஸ்னி யார்.
பிரிவு 5: கானாக்ட், பிரீவ், வூஸ்டர், ஓயோனா.

'போ' என்பது தென்மேற்கு பிரான்சில் பிரனீஸ் மலைக்கு அருகே உள்ள ஊரின் பெயர். அதன் பிரெஞ்சு உச்சரிப்பு அப்படித்தான் வருகிறது.

ஒவ்வோர் அணியும் தன் பிரிவின் மற்ற மூன்று அணிகளோடு உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என மொத்தம் ஆறு ஆட்டங்கள் ஆடும். அக்டோபரில் இரண்டு, டிசம்பரில் இரண்டு, ஜனவரியில் இரண்டு. நடுநடுவே உள்நாட்டு லீக் ஆட்டங்களும் ஓடும். அதனால் பல பயிற்சியாளர்கள் பிரிவுச் சுற்றில் முக்கிய வீரர்களுக்கு ஓய்வு தந்து இளைஞர்களை இறக்குவார்கள். ஒரு முடிவு விசித்திரமாகத் தெரிந்தால் முதலில் அணிப் பட்டியலைப் பாருங்கள். எப்போதும் அதுவே காரணம் என்றும் சொல்ல முடியாது. அந்த அக்டோபரில் நடப்புச் சாம்பியனான பாரிஸின் ஸ்டாட் ஃபிரான்சேயை க்ராஸ்னி யார் வீழ்த்தியது. இத்தொடரின் வரலாற்றிலேயே மிகப் பெரிய அதிர்ச்சிகளில் ஒன்றாக அதை நான் கருதுகிறேன். ஐரோப்பிய ரக்பி என்றால் ஆறே நாடுகள் என்று நினைத்திருந்தவர்களுக்குச் சைபீரியாவிலிருந்து வந்த பதில் அது.

படி 4: புள்ளி போடுங்கள்

தொடக்கக்காரர்கள் குழம்புவது இங்கேதான். அவசரப்படாதீர்கள்.

வென்றால் 4 புள்ளி, சமன் செய்தால் 2, தோற்றால் 0. இதற்கு மேல் இரண்டு விதமான போனஸ் உண்டு. வென்றாலும் தோற்றாலும் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட டிரை போட்ட அணிக்கு 1. ஏழு அல்லது அதற்குக் குறைவான புள்ளி வித்தியாசத்தில் தோற்ற அணிக்கு 1.

ஒரு கற்பனை ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 28-24 என்று முடிகிறது. வென்ற அணி நான்கு டிரை போட்டு நான்கையும் கன்வர்ட் செய்தது: 20 + 8. தோற்ற அணியும் நான்கு டிரை போட்டது. இரண்டைத்தான் கன்வர்ட் செய்தது: 20 + 4. இப்போது பட்டியலில் எழுதுங்கள். வென்ற அணிக்கு 4 + 1 = 5. தோற்ற அணிக்கு டிரை போனஸ் 1, நெருங்கித் தோற்றதற்கு 1, ஆக 2. தோற்றவரும் வெறுங்கையோடு வீடு திரும்பவில்லை.

இந்த இரண்டு புள்ளியால் என்ன ஆகிவிடும்? ஓர் அணி ஆறில் மூன்று ஆட்டங்களை போனஸ் இல்லாமல் வென்று, மற்ற மூன்றிலும் ஒன்றுமில்லாமல் தோற்கிறது: 12 புள்ளி. இன்னோர் அணி இரண்டே ஆட்டங்களை, இரண்டிலும் டிரை போனஸோடு வெல்கிறது: 10. தோற்ற நான்கு ஆட்டங்களில் மூன்றில் நெருங்கி வந்து 3 புள்ளி சேர்க்கிறது: 13. குறைவாக வென்ற அணி மேலே நிற்கிறது. அதனால்தான் மூன்று டிரை போட்டு 30-15 என்று தோற்றுக்கொண்டிருக்கும் அணி கடைசி நிமிடத்திலும் நான்காவது டிரைக்காக உயிரைக் கொடுத்து ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் பொருள் புரிந்த நாளிலிருந்து ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் டிவியை அணைக்க மனம் வராது.

படி 5: இருபதை எட்டாக்குங்கள்

ஐந்து பிரிவுகளின் முதலிட அணிகள் நேராகக் காலிறுதிக்குப் போகும். இரண்டாமிட அணிகள் ஐந்தில் அதிகப் புள்ளி வைத்திருக்கும் மூன்று அணிகளும் சேரும். அந்த சீசனில் நியூகாசில், கார்டிஃப், 'போ', எடின்பரோ, கானாக்ட் முதலிடம். க்ளாஸ்டர், ஸ்டாட் ஃபிரான்சே, பிரீவ் இரண்டாமிடத்திலிருந்து உள்ளே வந்தவை. துலூஸ் வெளியே போனது.

முதலிட அணிகளுக்கு 1 முதல் 5 வரையும், இரண்டாமிட அணிகளுக்கு 6 முதல் 8 வரையும் புள்ளி வரிசைப்படி எண்ணிட்டு, 1-8, 2-7, 3-6, 4-5 என்று மோதவிடுவார்கள். முதல் நான்கு எண்களுக்குச் சொந்த மைதானம். முதலிடம் பிடித்த ஐந்து அணிகளில் கடைசியாக நிற்பதற்கு எண் 5 வருவதால், பிரிவில் முதலிடம் பிடித்தும் வெளியூர் போக வேண்டியிருக்கும். அந்த நிலை கார்டிஃபுக்கு வந்தது. இந்தக் குறிப்பைத் தாளில் அடிக்கோடிட்டு வையுங்கள்.

படி 6: நாக் அவுட் சுற்று

இனி போனஸ் கிடையாது, வெற்றி மட்டுமே. கார்டிஃப் எடின்பரோவுக்குப் போய் 20-6 என்று வென்றது. க்ளாஸ்டர் அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள கால்வேக்குப் போய் கானாக்டை 33-28 என்று வீழ்த்தியது. 'போ' ஸ்டாட் ஃபிரான்சேயை 35-32 என்று வெளியேற்றியது. நியூகாசில் பிரீவை வென்றது.

ஏப்ரலில் நடந்த அரையிறுதிகளில் கார்டிஃப் சொந்த ஊரின் ஆர்ம்ஸ் பார்க்கில் 'போ' அணியை 16-10 என்றும், க்ளாஸ்டர் தன் கிங்ஸ்ஹோம் மைதானத்தில் நியூகாசிலை 33-12 என்றும் வென்றன. ஆக, இறுதிக்கு வந்த இரண்டு அணிகளும் காலிறுதியை வெளியூரில் வென்றவை. அதில் ஒன்று தன் பிரிவில் இரண்டாவதாக வந்த அணி.

படி 7: இறுதிப் போட்டியைக் கணக்காகப் படியுங்கள்

2018 மே 11, ஸ்பெயினின் பில்பாவ் நகரம், சான் மாமேஸ் மைதானம். அத்லெடிக் பில்பாவ் கால்பந்துக் கிளப்பின் வீடு அது. ரக்பியின் வழக்கமான நாடுகளுக்கு வெளியே ஐரோப்பியக் கோப்பைகளின் இறுதி ஆட்டங்கள் நடந்தது அதுவே முதல் முறை. மறுநாள் அதே மைதானத்தில் சாம்பியன்ஸ் கோப்பையின் இறுதி.

முடிவு: கார்டிஃப் ப்ளூஸ் 31, க்ளாஸ்டர் 30. இரண்டு அணிகளும் தலா மூன்று டிரை. டிராப் கோல் எதுவும் இல்லை. இந்தத் தகவல்களை வைத்துக்கொண்டு மீதியை நீங்களே கண்டுபிடியுங்கள்.

முதலில் கார்டிஃப். மூன்று டிரைக்கு 15. மீதி 16. இது இரண்டிரண்டாகவும் மூன்றுமூன்றாகவும் வந்திருக்க வேண்டும்; கன்வர்ஷன் மூன்றுக்கு மேல் இருக்க முடியாது. கன்வர்ஷன் 0 என்றால் 16 மூன்றால் வகுபடாது. 1 என்றால் 14, வகுபடாது. 2 என்றால் 12, வகுபடும். 3 என்றால் 10, வகுபடாது. ஆக ஒரே விடைதான்: இரண்டு கன்வர்ஷன், நான்கு பெனால்டி.

க்ளாஸ்டருக்கு வாருங்கள். 30இல் 15 போக மீதி 15. இங்கே இரண்டு விடைகள் வரும்: கன்வர்ஷனே இல்லாமல் ஐந்து பெனால்டி, அல்லது மூன்று கன்வர்ஷனும் மூன்று பெனால்டியும். எது சரி? இடைவேளை ஸ்கோரைப் பாருங்கள். முதல் பாதி முடிந்தபோது க்ளாஸ்டர் 20, கார்டிஃப் 6. க்ளாஸ்டர் அதற்குள் இரண்டு டிரை போட்டிருந்தது. 20இல் 10 போக 10. அது இரண்டு கன்வர்ஷனும் இரண்டு பெனால்டியுமாக மட்டுமே பிரியும். எனவே இரண்டாவது விடைதான் சரி: மூன்று கன்வர்ஷன், மூன்று பெனால்டி.

இப்போது இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். டிரை சமம். கன்வர்ஷனில் க்ளாஸ்டர் ஒன்றுகூடத் தவறவிடவில்லை. கார்டிஃப் ஒன்றைத் தவறவிட்டது, 2 புள்ளி பின்னடைவு. பெனால்டியில் கார்டிஃபுக்கு ஒன்று கூடுதல், 3 புள்ளி முன்னிலை. மூன்றிலிருந்து இரண்டு போனால் ஒன்று. கோப்பை அந்த ஒன்றில் இருந்தது.

அந்தக் கூடுதல் பெனால்டி எப்போது வந்தது தெரியுமா? 28-30 என்று கார்டிஃப் பின்தங்கியிருக்க, ஆட்டம் முடியும் தறுவாயில் கேரத் ஆன்ஸ்கம் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. இடைவேளையில் 14 புள்ளி பின்னால் நின்ற அணி, டோமோஸ் வில்லியம்ஸ், கேரின் ஸ்மித், பிளெய்ன் ஸ்கல்லி ஆகியோரின் மூன்று டிரைகளையும் இரண்டாம் பாதியில்தான் போட்டது. முதல் பாதியின் 6 புள்ளி என்பது வெறும் இரண்டு பெனால்டி என்பதை உங்கள் தாளே சொல்லும். இந்த இரண்டாம் பாதியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை.

படி 8: அடுத்த ஆண்டையும் ஒரு கண் பாருங்கள்

சேலஞ்ச் கோப்பையை வெல்பவருக்கு அடுத்த சீசனின் சாம்பியன்ஸ் கோப்பையில் இடம் உண்டு. உங்கள் தாளில் உள்ள 20 பெயர்களில் கார்டிஃப், க்ளாஸ்டர், நியூகாசில், எடின்பரோ, துலூஸ், லியோன் ஆகியவற்றைச் சுற்றி வட்டம் போடுங்கள். இந்த ஆறும் 2018-19இல் மேல் நிலைத் தொடரில் ஆடின. பிரிவு 2இல் மட்டும் நான்கில் மூன்று அணிகள். இதற்குப் பிறகும் இதை இரண்டாம் தரம் என்று யாராவது சொன்னால் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

வேறு இரண்டு பெயர்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. வூஸ்டர் 2022இலும் லண்டன் ஐரிஷ் 2023இலும் பண நெருக்கடியால் இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கிலிருந்து வெளியேற நேர்ந்தது. ஒரு பழைய சீசனின் அட்டவணையில் அவை அப்படியே நிற்கின்றன.

படி 9: இதே முறையில் இன்னொரு சீசன்

புதிய சீசன்களுக்குப் போகும்போது படி 3, படி 5 இரண்டையும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். 2024-25இல் 18 அணிகள், ஆறு ஆறாக மூன்று பிரிவுகள், அணிக்கு நான்கே ஆட்டங்கள். பிரிவுக்கு நான்கு என 12 அணிகளோடு, சாம்பியன்ஸ் கோப்பையில் சரிந்த நான்கு அணிகளும் சேர்ந்து 16 அணிகளின் நாக் அவுட் சுற்று. அப்படி மேலிருந்து இறங்கி வந்த பாத் அணிதான் கார்டிஃப் நகரில் நடந்த இறுதியில் லியோனை 37-12 என்று வென்று கோப்பையை எடுத்துக்கொண்டது.

பயிற்சிக்கு 2024 இறுதியை எடுங்கள். லண்டனின் டாட்டன்ஹாம் மைதானத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து ஷார்க்ஸ், அதே க்ளாஸ்டரை 36-22 என்று வென்றது. ஐரோப்பியக் கோப்பையைத் தென்னாப்பிரிக்க அணி வென்றது அதுவே முதல் முறை. ஷார்க்ஸ் போட்டது மூன்று டிரை. மீதி 21 புள்ளியும் சியா மசூக்குவின் காலிலிருந்து வந்தவை. டிராப் கோல் இல்லை என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு இரண்டு விடைகள் கிடைக்கும். எது சரி என்பதை ஆட்டத்தின் பதிவைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.