ஃபோனுக்கும் முறை வைக்கலாம்: டெல்டாக்காரர்களுக்கு ஒரு தொடக்கப் பாடம்

மேட்டூரில் இன்றைக்கு எத்தனை அடி என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். ஆனால் பார்த்த கையோடு ஒரு ரீல்ஸ், அதன் பின்னால் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு ஸ்டேட்டஸ், அப்புறம் யாரோ இரண்டு பேரின் அரசியல் சண்டை என்று போய், ஃபோனைக் கீழே வைக்கும்போது முக்கால் மணி நேரம் கழிந்திருக்கும்.

அதற்காக நம் ஊர்ப்பக்கம் யாரிடமும் ஃபோனை விட்டுவிடச் சொல்ல முடியாது. கொள்முதல் நிலையம் என்றைக்குத் திறக்கிறது, அறுவடை மிஷின் எந்த ஊரில் நிற்கிறது என்பதெல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் பிள்ளையின் முகமும் அதில்தான் தெரிகிறது. தண்ணீர் பற்றாத வருஷத்தில் வெண்ணாற்றுக்குச் சில நாள், காவிரிக்குச் சில நாள் என்று முறை வைத்து விடுகிறார்களே, அந்த ஏற்பாடுதான் இங்கேயும் வேண்டும். எந்த வேலைக்கு, எப்போது, எவ்வளவு நேரம் என்பதை ஃபோனை எடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுவது.

முதல் படி: ஒரு வாரம் சும்மா கவனியுங்கள்

எதையும் மாற்ற வேண்டாம். ஆண்ட்ராய்டு ஃபோனில் செட்டிங்ஸ் போய் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ என்பதைத் திறங்கள். ஐஃபோனில் அதற்கு ‘ஸ்கிரீன் டைம்’ என்று பெயர். எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் போனது, ஒரு நாளில் எத்தனை தடவை ஃபோனை எடுத்தீர்கள், எத்தனை நோட்டிஃபிகேஷன் வந்தது எல்லாம் அதில் இருக்கும். மொத்த நேரத்தைவிட, எத்தனை தடவை எடுத்தோம் என்கிற எண்ணைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும் என்பேன். செய்கிற வேலை எத்தனை இடத்தில் அறுந்தது என்பதை அதுதான் காட்டும்.

இரண்டாம் படி: எதற்கு வேண்டும் என்று எழுதுங்கள்

ஒரு தாளில் நான்கைந்து வரி போதும். ‘மழை அறிவிப்பு, பிள்ளையின் பள்ளிக்கூடச் செய்தி, நெல் விலை, தம்பியோடு பேசுவது’ என்கிற மாதிரி. இந்தத் தாளில் இல்லாத எதுவும் உங்களைக் கூப்பிட்டு எழுப்பத் தேவையில்லை. அடுத்த படிகள் எல்லாம் இந்தத் தாளை வைத்துத்தான்.

மூன்றாம் படி: வாட்ஸ்அப் குழுக்களைப் பிரித்து வையுங்கள்

நம் வீடுகளில் அதிக நேரம் கரைவது இங்கேதான். ஊர்க் குழு, தெருக் குழு, கோயில் திருவிழாக் குழு, பங்காளிகள் குழு, பத்தாம் வகுப்பு நண்பர்கள் குழு. விட்டு விலகினால் மனவருத்தம் வரும். விலகவே வேண்டாம், மியூட் செய்தால் போதும். குழுவின் பெயரை அழுத்திப் பிடித்து, மியூட் என்பதைத் தொட்டால் எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று வழி காட்டும். ‘எப்போதும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் மியூட் செய்தது மற்றவர்களுக்குத் தெரியாது. அதற்கு மேலும் கண்ணை உறுத்தினால் ஆர்க்கைவ் செய்து, முதல் பட்டியலில் தெரியாமல் ஒதுக்கிவிடலாம்.

அடுத்து, ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’ பகுதியில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். காலை வணக்கப் படங்கள் ஃபோனை அடைப்பது அன்றோடு நிற்கும்.

மழைக்காலத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு செய்திக்கு மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று பொருள். அதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டுமே அனுப்ப வாட்ஸ்அப் விடும். ‘ஆறு உடைந்துவிட்டது’ என்று அப்படி ஒரு வீடியோ வந்தால், எந்த ஊர், எந்த வருஷம் என்று தெரியாமல் அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077, மாநில எண் 1070. அங்கே கேட்கலாம். வானிலைக்குச் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பே போதும். பயிருக்கு நோய் என்றால் கிசான் கால் சென்டர், 1800-180-1551. ஒரு போன் போட்டால் முடிகிற விஷயத்துக்குப் பத்து வீடியோ பார்க்க வேண்டியதில்லை.

நான்காம் படி: முடிவில்லாத திரைக்கு ஒரு கரை

விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் இந்த அமைப்பை 2006-ல் ஆசா ராஸ்கின் என்பவர் வடிவமைத்தார். அதற்காக வருந்துவதாகப் பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். பக்கத்துக்கு முடிவு இருந்தால் கை தானாக நிற்கும், இங்கே அது இல்லை. ஆகவே நிறுத்த முடியவில்லையே என்று உங்களையோ உங்கள் பிள்ளையையோ திட்ட வேண்டாம். முடிவை நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

டிஜிட்டல் வெல்பீயிங்கில் இன்ஸ்டாகிராமுக்கும் ஃபேஸ்புக்குக்கும் தனித்தனியாக டைமர் வைக்கலாம். நேரம் முடிந்ததும் ஆப் மூடிக்கொள்ளும், நள்ளிரவுக்குப் பிறகுதான் திறக்கும். எடுத்த எடுப்பில் பத்து நிமிடம் என்று வைத்தால் இரண்டே நாளில் டைமரையே தூக்கிவிடுவீர்கள். இப்போது போகிற நேரத்தில் பாதியை வையுங்கள்.

யூடியூபில் ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் ஆட்டோபிளேயை நிறுத்துங்கள். இதுவரை பார்த்த வீடியோக்களின் பட்டியலான வாட்ச் ஹிஸ்டரியை அழித்து, அதை ஆஃப் செய்துவிட்டால் முகப்பில் வீடியோக்கள் வரிசை கட்டி நிற்காது. வேண்டியதைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கும். எனக்குத் தெரிந்து இதைவிடப் பலன் தரும் மாற்றம் வேறு இல்லை.

ஐந்தாம் படி: மிஞ்சும் நேரத்துக்கு வேலை கொடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பழைய இடத்துக்கே திரும்பி வருகிறார்கள். சும்மா இருக்கும் கை ஃபோனைத்தான் தேடும்.

நிலம் உள்ளவர்களுக்கு நான் சொல்வது சாகுபடிக் கணக்கு. சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் ஒரு நோட்டில் உழவுக் கூலி, விதை, நடவு ஆள், உரம், மருந்து, மிஷின் வாடகை என்று அன்றன்றைக்குச் செலவானதை எழுதுங்கள். குறுவையில் உண்மையில் என்ன மிஞ்சியது, சம்பாவில் எங்கே பணம் போனது என்பது அறுவடை முடிந்ததும் கண்ணுக்குத் தெரியும். எவ்வளவு செலவழித்தோம் என்று தெரியாமலேயே அடுத்த போகத்துக்குக் கடன் வாங்குகிற வீடுகள் நம்மிடையே நிறைய. அந்தக் கால் மணி நேரம் அவ்வளவு பெறும்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கிளை நூலகத்துக்குப் போகும்போது ஃபோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பையில் வைத்தால் பத்தாது.

படுக்கும் இடத்தில் வேண்டாம்

சார்ஜரைக் கூடத்துக்கு மாற்றுங்கள், அலாரத்துக்கு ஒரு சின்னக் கடிகாரம் வாங்குங்கள். இவ்வளவுதான்.

பருவத்துக்குத் தகுந்தபடி மாற்றுங்கள்

இந்த ஏற்பாடு வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்கத் தேவையில்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் வரம்புகளை எடுத்துவிடுங்கள். ஆனால் அந்த நாளில் பேட்டரி செய்திக்கும் அழைப்புக்கும் மட்டும்தான். 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சம்பா அறுவடை நேரத்தில் மிஷின்காரர் எண்ணும் கொள்முதல் நிலையக் குழுவும் மட்டும் சத்தம் போடட்டும். நெல்லைப் போட்டு, பணம் வங்கிக் கணக்கில் ஏறியதும் அந்தக் குழுவையும் மறுபடி மியூட்டில் போட்டுவிடுங்கள்.