உஸ்ஸா, விசிலா, பர்ரா? சிபேப் மாஸ்க் சத்தத்தை அடக்கும் வழி

தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறவர்களுக்கு மாஸ்க் வழியாக அழுத்தக் காற்று தரும் மெஷின்தான் சிபேப். அந்த மாஸ்க் சத்தம் போட ஆரம்பித்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது தலைப் பட்டையை இறுக்குவது. பல சமயம் சத்தம் கூடுவதற்கே அதுதான் காரணம். சத்தம் எந்த ஜாதி, எங்கிருந்து வருகிறது என்று காதும் கையும் சொன்ன பிறகு பட்டையில் கை வைத்தால் போதும்.

சீராக வருகிற "உஸ்ஸ்ஸ்" சத்தம் இருக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு மாஸ்கிலும் வென்ட் என்கிற சிறு துளைகளோ வலைத் துண்டோ இருக்கும். நீங்கள் வெளிவிடும் கரியமில வாயு அந்த வழியாகத்தான் போகிறது. 10 செ.மீ. நீர் அழுத்தத்தில் (சிபேப் அழுத்தத்தை அளக்கும் அலகு இது) நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டரோ அதற்குச் சற்று மேலோ காற்று அதில் வெளியேறும். அழுத்தம் கூடினால் அளவும் கூடும். சத்தம் தாங்காமல் வென்ட்டின் மேல் டேப் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒட்டினால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டியதுதான். எந்தக் காரணத்துக்காகவும் அதை அடைக்காதீர்கள்.

மற்ற சத்தங்களுக்கு வேறு வேறு பிறப்பிடம். கீச்சென்ற விசில் என்றால் எங்கோ ஒரு சிறு இடுக்கு: முழங்கை மாதிரி வளைந்த எல்போ சரியாக உட்காரவில்லை, ட்யூபில் விரிசல், மாஸ்கின் பக்கவாட்டுத் துளைக்கான சிறு ரப்பர் மூடி காணோம், அல்லது வென்ட்டில் பாதித் துளைகள் அடைபட்டிருக்கின்றன. "பர்ர்ர்" என்று உதடு அதிர்கிற மாதிரி வந்தால் முகத்தைத் தொடும் மெத்தையான குஷனின் ஓரம் சரியாகப் படியாமல் துடிக்கிறது. "புஸ்… புஸ்" என்று விட்டு விட்டு வந்தால் வாய் திறந்து காற்று போகிறது. களகளவென்று தண்ணீர்ச் சத்தம் வந்தால் ட்யூபுக்குள் நீர் தேங்கியிருக்கிறது. மூக்கு, வாய் இரண்டையும் மூடும் முழு மாஸ்கில் படபடவென்று சன்னமாக அடித்துக்கொண்டால், எல்போவுக்குள் இருக்கும் பாதுகாப்பு வால்வின் மடல் சரியாகப் பொருந்தவில்லை. மின்சாரம் போனால் வெளிக்காற்று உள்ளே வர வழிவிடுவது அந்த மடல்தான். அதைக் கழற்றி எறிந்துவிடாமல், கழுவி, நேராக உட்கார வையுங்கள். கிழிந்திருந்தால் எல்போவை மாற்றுங்கள்.

முதலில் மாஸ்கைப் பிரித்துச் சோதியுங்கள்

மாஸ்கை ட்யூபிலிருந்து கழற்றுங்கள். ட்யூபின் முனையை உள்ளங்கையால் இறுக மூடிக்கொண்டு மெஷினை ஓட விடுங்கள். அரை நிமிடம் போதும். கசிவுச் சத்தம் எதுவும் இல்லையென்றால் மெஷினும் ட்யூபும் சுத்தம், கோளாறு மாஸ்கில்தான். அப்போதும் "உஸ்" கேட்டால் காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டியின் ரப்பர் ஓரம், தொட்டி உட்காரும் இடம், ட்யூபின் இரண்டு முனைகள் ஆகிய இவற்றைப் பாருங்கள். மெஷின் மட்டும் இரைகிறது என்றால் ஃபில்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ரோட்டோர வீடுகளில் அது ஒரே மாதத்தில் சாம்பல் நிறமாகிவிடும்.

மாஸ்க் கசிகிற இடத்தைப் பிடிக்கப் புறங்கையை ஈரமாக்கி, குஷனின் ஓரத்தைச் சுற்றி மெல்ல நகர்த்துங்கள். ஈரத்தில் சில்லென்று படுகிற இடம்தான் கசிவு. கண்ணோரமா, மூக்கு மேட்டின் பக்கமா, வாயின் ஓரமா என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பட்டையைத் தொடுவது என்பது இதைப் பொறுத்தது.

இறுக்கினால் ஏன் கூடுகிறது

பெரும்பாலான சிலிகான் குஷன்கள் இரண்டு அடுக்கு. ஒன்று தடித்தது, தாங்குவதற்கு. தோலைத் தொடுகிற மற்றது வெங்காயச் சருகு மாதிரி மெல்லியது. காற்று வந்ததும் இந்தச் சருகு உப்பி, முகத்தின் மேடு பள்ளங்களில் தானாகப் படிகிறது. பட்டையை இறுக்கினால் உப்ப இடமில்லாமல் மடிந்துபோகும். மடிப்பின் வழியே காற்று சீறும். சீறுகிறதே என்று இன்னும் இறுக்கினால் காலையில் மூக்கு மேட்டில் சிவப்புத் தழும்புதான் மிச்சம்.

ஆகவே ஒருமுறை எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். நான்கு பட்டைகளையும் தளர்த்தி மாஸ்கை மாட்டிக்கொண்டு, வழக்கமான தலையணையில், தூங்குகிற வாக்கில் படுங்கள். உட்கார்ந்துகொண்டு சரிசெய்தால் பயனில்லை. படுத்ததும் கன்னமும் தாடையும் சரிந்து முக அமைப்பே மாறிவிடும். மெஷினை ஓட விடுங்கள். ஆரம்பத்தில் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏறும் ராம்ப் வசதியை இந்தச் சோதனைக்கு மட்டும் அணைத்துவிடுங்கள். மாஸ்க் ஃபிட் என்ற சோதனை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

காற்று ஓடும்போதே மாஸ்கை முகத்திலிருந்து ஒரு விரல் அளவு முன்னால் இழுத்து, குஷன் உப்பியதும் மெதுவாக விடுங்கள். பலருக்குக் கசிவு இங்கேயே நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் பட்டைக்கு வாருங்கள். கண்ணோரமும் மூக்கு மேடும் கசிந்தால் மேல் பட்டைகள். வாயோரமும் கன்னமும் கசிந்தால் கீழ்ப் பட்டைகள். இடது, வலது இரண்டையும் ஒரே அளவு, ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் மாஸ்க் கோணிக்கொண்டு எதிர்ப்பக்கம் கசியும். சரிசெய்தபின் பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். கடைசியாக இடப்பக்கம், வலப்பக்கம் புரண்டு பாருங்கள். புரளும்போது தலையணை மாஸ்கைத் தள்ளுகிறது என்றால், மாஸ்க் இருக்கும் பகுதி தலையணையின் விளிம்பைத் தாண்டி வெளியே இருக்குமாறு தள்ளிப் படுங்கள்.

பத்து மணிக்குக் கசியாத மாஸ்க் விடியற்காலை மூன்று மணிக்கு ஏன் கத்துகிறது? அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ மெஷின் என்றால் மல்லாந்து படுத்த நேரத்திலும் கனவுத் தூக்கத்திலும் அழுத்தத்தை ஏற்றும். 6 செ.மீ. அழுத்தத்தில் படிந்த குஷன் 12-ல் தூக்கிவிடும். பல மெஷின்களின் அறிக்கையில் 95 சதவீத அழுத்தம் என்று ஒரு எண் இருக்கும். ஓடிய நேரத்தில் 95 சதவீதம் அழுத்தம் அந்த எண்ணைத் தாண்டவில்லை என்று பொருள். மாஸ்கைச் சோதிக்க வேண்டிய அழுத்தம் அதுதான். மேல் வரம்பைக் குறைக்கலாமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக மாற்றினால் சத்தம் போகும், மூச்சுத் தடை திரும்பிவிடும்.

கசிவு எண்ணைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ரெஸ்மெட் மெஷின்கள் வென்ட் காற்றைக் கழித்துவிட்டு வேண்டாத கசிவை மட்டும் காட்டும். நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். ஃபிலிப்ஸின் பல மெஷின்கள் வென்ட்டையும் சேர்த்த மொத்தத்தைக் காட்டும். ஃபிலிப்ஸ் எண்ணை ரெஸ்மெட்டின் 24-ஓடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம்.

எண்ணெய், தாடி, உப்புத் தண்ணீர்

சிலிகானுக்கு முதல் எதிரி எண்ணெய்ப் பசை. இரவில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் படுத்தால் அது நெற்றி வழியாக இறங்கிக் குஷனை வழுக்க வைக்கும்; பட்டையின் துணியும் சீக்கிரம் தொய்ந்துபோகும். எண்ணெயைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முகத்துக்குக் க்ரீம் தேவையென்றால் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே தடவி ஊற விடுங்கள். தழும்புக்கு வாசலின் வேண்டாம். பெட்ரோலியம் சேர்ந்தவை குஷனைக் கெடுக்கும்.

குஷனைத் தினமும் காலையில் வெதுவெதுப்பான தண்ணீரிலும் வாசனையில்லாத மென்மையான சோப்பிலும் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். வெயில், வெந்நீர், ஸ்பிரிட் மூன்றும் கூடாது. போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் கடைசி அலசலை ஆர்.ஓ. தண்ணீரில் செய்யுங்கள். இல்லையென்றால் வென்ட் துளைகளில் உப்புப் படிந்து, மிச்சத் துளைகளில் காற்று விசிலடிக்கும். அடைபட்ட துளையை மென்மையான பல் பிரஷால் தேயுங்கள். ஊசி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, காற்றின் அளவே மாறிவிடும்.

அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு முழு மாஸ்க் குஷனுக்கு மாதம் ஒன்று, மூக்கு மாஸ்க் குஷனுக்கு மாதம் இரண்டு என்று பணம் தருகிறது. அது பணம் தரும் வரம்பு. குஷனின் ஆயுள் என்று எண்ணிக் கைக்காசைச் செலவழிக்க வேண்டாம். கழுவியும் பிசுபிசுப்பு போகவில்லை, ஓரம் மஞ்சளாகி விறைத்துவிட்டது, சருகில் கீறல் தெரிகிறது என்றால் மாற்றுங்கள்.

தாடியோ அடர்ந்த மீசையோ இருந்தால் முழு மாஸ்கோடு மல்லுக்கட்டுவதைவிட, மூக்குத் துளைகளில் உட்காரும் நேசல் பில்லோ பொருந்தும். வாயால் மூச்சு விடுபவர்களுக்கு அது ஒத்துவராது.

வாய்க் கசிவுக்கு அடையாளம், காலையில் நாக்கு ஒட்டிக்கொள்ளும் வறட்சி. மூக்கடைப்பு இருந்தால் முதலில் அதைத் தீருங்கள். உப்பு நீரால் மூக்கைக் கழுவுவதானால் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர்தான். குழாய்த் தண்ணீர் ஆபத்து. தாடை தொங்குவதால் வாய் திறக்கிறது என்றால் தாடைப் பட்டை உதவும். தாடை மூடியிருக்க உதடு மட்டும் பிரிந்து ஊதுகிறது என்றால் அது உதவாது, முழு மாஸ்க்தான் வழி.

களகள சத்தம்

ஹியூமிடிஃபையரிலிருந்து வருகிற வெதுவெதுப்பான ஈரக் காற்று, ஏசியில் குளிர்ந்த ட்யூபின் சுவரில் பட்டு நீராகிறது. ஏசியை 22-லிருந்து 25, 26-க்கு ஏற்றுங்கள். ஹியூமிடிஃபையரை ஒரு எண் குறையுங்கள். ட்யூபுக்குத் துணி உறை போடுங்கள். மின்விசிறிக் காற்று நேராக அதன்மேல் படாமல் திருப்புங்கள். மெஷின் தலைமட்டத்துக்குக் கீழே இருந்தால் நீர் முகத்துக்கு வராமல் தொட்டிக்கே திரும்பும். இதெல்லாம் செய்தும் தீராவிட்டால் சூடாகும் ட்யூப் வாங்கலாம், உங்கள் மெஷின் மாடலுக்குப் பொருந்துமா என்று பார்த்து. ஏசி இல்லாத கடற்கரை ஊர்களில், கோடையில் மூக்கு வறளவில்லையென்றால் ஹியூமிடிஃபையரை மிகக் குறைந்த அளவில் வைத்தாலே போதும்.

பக்கத்தில் படுப்பவருக்கு

அவரை எழுப்புவது பெரும்பாலும் வென்ட்டிலிருந்து முகத்தில் அடிக்கிற காற்று. படுக்கும் பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். காற்றைப் பல நுண்ணிய துளைகளில் பரப்பும் டிஃப்யூசர் வென்ட் கொண்ட மாஸ்குகளும் இருக்கின்றன. சில சமயம் ஒரே மாடலே இரண்டு வகையாக வரும், கேட்டு வாங்குங்கள். மெஷினை மரமேசையில் நேராக வைக்காமல் அடியில் ரப்பர் மேட் போடுங்கள். துணியால் மூடாதீர்கள், அலமாரிக்குள் அடைக்காதீர்கள். காற்று இழுக்கும் வாய் திணறினால் இரைச்சல் கூடும்.

ஓசோன் வாயுவால் மெஷினைச் சுத்தம் செய்யும் ஓசோன் கிளீனர்களை விட்டுவிடுங்கள். சத்தம் குறைக்க மெஷினுக்குள் வைத்திருந்த பாலியூரிதேன் நுரை சிதைந்ததால்தான் 2021 ஜூனில் ஃபிலிப்ஸ் ரெஸ்பிரானிக்ஸ் தன் பல மாடல்களைத் திரும்ப அழைத்தது. ஓசோன் அந்தச் சிதைவை வேகப்படுத்தும். ட்யூபில் கறுப்புத் துகள் தெரிந்தால் மெஷினை ஓட்டாமல், சிகிச்சை விட்டுப்போகாமலிருக்க அன்றே மருத்துவரிடம் மாற்று ஏற்பாடு கேளுங்கள்.

புது மாஸ்க் வாங்கப் போகும்போது இரண்டு விஷயம். பட்டைக் கொக்கியில் காந்தம் உள்ள மாடல்கள் நிறைய. உங்களுக்கோ பக்கத்தில் படுப்பவருக்கோ பேஸ்மேக்கர் மாதிரி உள்ளே பொருத்திய கருவி இருந்தால் காந்தமில்லாத கொக்கி கேளுங்கள். இன்னொன்று, உங்கள் மெஷினையும் கூட எடுத்துப் போய், கடையில் படுத்துப் பார்க்க இடம் கேளுங்கள். இல்லையென்றால் நாற்காலியில் தலையைப் பின்னால் நன்றாகச் சாய்த்து, 95 சதவீத அழுத்தத்தில் பதினைந்து நிமிடம் போட்டுப் பார்த்துவிட்டு, அளவு பொருந்தாவிட்டால் குஷனை மாற்றித் தருவோம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.