மகளுக்கு கோல்ஃப் கற்றுக்கொடுக்க முதலில் பட்டர்

2021 ஆகஸ்ட் 7. அல்சூரில் எங்கள் வீட்டு டிவி விடியும் முன்பே ஓடிக்கொண்டிருந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் நம்ம பெங்களூர்ப் பெண் அதிதி அசோக் ஒரே அடியில் வெண்கலத்தைக் கோட்டைவிட்டு நான்காவதாக வந்தார். அவருடைய கோல்ஃப் பையைச் சுமந்து கூடவே நடந்தவர் அம்மா மகேஸ்வரி. நான் பந்தைப் பார்த்ததைவிட அந்த அம்மாவைப் பார்த்ததுதான் அதிகம். சீக்கிரமே என் ஒன்பது வயது மகளைப் பயிற்சி மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அங்கே செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம். எடுத்ததுமே டிரைவரை, அதாவது இருப்பதிலேயே நீளமான கட்டையை, அவள் கையில் கொடுத்தேன். அங்கே பக்கெட்டில் கொடுக்கும் பந்துகளில் பாதிக்கு மேல் காலடியிலேயே கிடந்தது. நானும் ஒரு கை பார்க்கிறேன் என்று சுற்றியதில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. போதாக்குறைக்கு அங்கிருந்த ஒருவர், "பையனைக் கூட்டிட்டு வரலையா மேடம்?" என்றார்.

ஆகவே பட்டரில் தொடங்குங்கள். (பட்டர் வாங்கப் போகிறேன் என்றதும் என் அம்மா, "ஸ்ரீரங்கத்திலிருந்தா?" என்றார். பந்தைக் குழிக்குள் உருட்டும் கட்டை அம்மா, கோயில் பட்டர் இல்லை.) பந்தை 72 முறை அடிக்கும் கணக்குள்ள ஆட்டத்தில் சரிபாதி, 36 முறை, பட்டருக்கென்றே ஒதுக்கியது. அதிதியும் டோக்கியோவில் தூரமாக அடித்தவர்கள் வரிசையில் கடைசிப் பக்கம்தான். அவரைத் தூக்கி நிறுத்தியது பட்டர். கர்நாடகா கோல்ஃப் சங்க மைதானத்தை ஒட்டி டிபன் சாப்பிட வந்த அதிதியின் குடும்பம், உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டதில் ஆரம்பித்த கதை அது. அப்போது அவருக்கு ஐந்து வயது.

வீட்டில் பழக, பவானி ஜமுக்காளத்தை விரித்து, அதன் முனையிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி ஸ்டீல் டம்ளரைப் படுக்க வையுங்கள். வெறும் தரையில் வேண்டாம், பந்து சோஃபாவுக்கு அடியில் போய்விடும். உண்மையான குழி 108 மில்லிமீட்டர் அகலம். டம்ளர் வாய் அதைவிடச் சின்னது, அதனால் இதில் விழுந்தால் அங்கே தாராளமாக விழும். கண் பந்துக்கு நேர் மேலே இருக்கட்டும். மணிக்கட்டு மடங்கக் கூடாது. தோள்கள் மட்டும் பலகை ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஒரே அளவில் ஆடட்டும். மூன்றடி தூரத்திலிருந்து பத்து முறை தொடர்ந்து 'டங்' கேட்ட பிறகு ஓரடி பின்னால் நகருங்கள். டம்ளரைத் தாண்டும் பந்து ஒன்றரை அடிக்குள் நிற்க வேண்டும். ஓங்கி அடிக்கிற பழக்கம் இதில்தான் அடங்கும்.

மாதம் இரண்டு போனதும் ஏழாம் நம்பர் அயர்ன், அதாவது உலோகத் தலை வைத்த நடுத்தர நீளக் கட்டை. செட் வாங்காதீர்கள், அந்த ஒரு கட்டையை இரவல் வாங்குங்கள். பிடி, சூடான டபராவின் விளிம்பைப் பிடிக்கிற அளவுக்குத்தான். நழுவவும் கூடாது, நசுங்கவும் கூடாது. இடதுகைக்காரப் பிள்ளை என்றால் இடதுகைக் கட்டையையே தேடுங்கள். இந்திய கோல்ஃப் வீராங்கனை தீக்ஷா டாகர் இடதுகையில் ஆடித்தான் 2019இல் தென்னாப்பிரிக்க மகளிர் ஓபனை வென்றார்.

கிளப் மைதானங்கள் பெரும்பாலும் உறுப்பினர்களுக்குத்தான். வெளியாரை விடும் பயிற்சி மைதானமா, பக்கெட் என்ன விலை, காலர் வைத்த சட்டை கட்டாயமா என்று போன் பண்ணிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அப்புறம், "பசங்கதான் தூரமா அடிக்கிறாங்க" என்று ஒருநாள் வந்து நிற்பாள். எனக்குக் கைகொடுத்தது 1950ஆம் ஆண்டுக் கதை. அமெரிக்காவில் 13 பெண்கள் சேர்ந்து எல்பிஜிஏ என்ற தொழில்முறைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். கார்களில் ஊர் ஊராகப் போய், மைதானத்தைத் தயார்செய்து, பரிசுக் காசோலையையும் தாங்களே எழுதி, அப்புறம் ஆடவும் செய்தார்கள். அவர்களில் பேப் ஸஹாரியாஸ் 1932 ஒலிம்பிக்கில் தடை ஓட்டத்திலும் ஈட்டி எறிதலிலும் தங்கம் வாங்கியவர். 1953இல் புற்றுநோய் அறுவை சிகிச்சை. அடுத்த ஆண்டே அமெரிக்க மகளிர் ஓபனில், அடுத்து வந்தவரைவிட 12 முறை குறைவாக அடித்து வெற்றி. என் மகளுக்குப் பிடித்தது பேப் இல்லை, அந்தக் கூட்டத்திலேயே சின்னவரான மார்லீன் பாவர். சங்கம் தொடங்கியபோது அவருக்குப் பதினாறு வயது.

"எனக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கு" என்று விரலை மடக்கி எண்ணிவிட்டு, மறுபடி ஜமுக்காளத்தில் போய் நின்றாள். அந்த டம்ளரில் இப்போது யாரும் காபி குடிப்பதில்லை.